ஜெபிக்கிறேன் தம்பி

தேவஇரக்கம் அண்ணன் இப்போதுதான் எகிப்துக்குள் நுழைந்திருக்கிறார். இனி சூடான், எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா என்று ஒவ்வொரு நாடாக ஜெபத்தில் இறங்கி, மலாவியில் இந்த ஏரிக்கரை வாடகை வீட்டில் கோரைப்பாய் விரித்து அவரோடு சேர்த்து ஐந்து பேராக வட்டமாக முழங்கால் போட்டிருக்கும் எங்களிடம் அவர் வந்து சேர இன்னும் ஏழெட்டு நிமிஷம் ஆகும். தினமும் இப்படித்தான். அண்ணனுக்குக் குறுக்குவழி தெரியாது. வரைபடத்தில் மேலேயிருந்து கீழே எப்படி இருக்கிறதோ அந்த வரிசையில்தான் ஆண்டவரைக் கூட்டிக்கொண்டு வருவார். மற்ற நாட்களில் எத்தியோப்பியா தாண்டுவதற்குள் எனக்கு முட்டி மரத்துப்போய், சீக்கிரம் வாங்கண்ணே என்று உள்ளுக்குள் முனகிக்கொண்டிருப்பேன். இன்றைக்கு அவர் எகிப்திலேயே கொஞ்ச நாள் தங்கினால் தேவலை என்றிருக்கிறது. பிரமிடு எல்லாம் பார்க்கட்டும். ஒட்டகத்தில் ஏறட்டும். ஆசீர், இது என்ன நினைப்பு, ஜெபத்தில் இருக்கிறாய் என்று என்னையே அதட்டிக்கொள்கிறேன். கண்ணை இன்னும் இறுக்கி மூடுகிறேன். பக்கத்து வீட்டு அம்மா முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்கிறது, ஒரே சீராக, நிறுத்தி, மறுபடி. காய்கிற பொடிமீன் வாசம் ஏரிப்பக்கமிருந்து வருகிறது. பின்கட்டில் கரி அடுப்பில் சோளக்கஞ்சி வைத்திருக்கிறேன், இன்றைக்குச் சமையல் முறை என்னுடையது, தண்ணீர் தாராளமாக விட்டோமா இல்லையா என்று ஞாபகம் வரவில்லை. என் இடது கையைக் கொண்ட்வானி பிடித்திருக்கிறான். வலது கையை லிபின். லிபினின் கை சில்லிட்டு வியர்த்திருக்கிறது. அவன் அம்மாவுக்கு இன்றைக்கு ஆபரேஷன். இங்கே காலை ஐந்தே முக்கால் என்றால் நாகர்கோவிலில் ஒன்பதே கால். ஒன்பதரைக்கு உள்ளே கொண்டுபோவார்களாம்.

சூடான். அங்கே சமாதானம் வேண்டும் என்று அண்ணன் கேட்கிறார். உண்மையாகவே கேட்கிறார், குரல் உடைகிறது. எனக்கு ஒரு வார்த்தையும் ஒட்டவில்லை. இந்தச் சங்கிலி ஜெபத்தில் ஒருவர் முடித்ததும் பக்கத்துக் கையை ஒரு அழுத்து அழுத்துவார். அழுத்தப்பட்டவர் தொடங்கவேண்டும். ஜெபிக்க மனசில்லாதவன் பேசாமல் அடுத்த கையை அழுத்திவிடலாம், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். மாதத்தின் கடைசி நாளில் மட்டும் அந்தச் சலுகை இல்லை. ஒன்றாம் தேதி பால்பவுடர் டப்பாவில் ஐந்து பேர் பெயரையும் சீட்டெழுதிப் போட்டு ஆளுக்கொன்று எடுப்போம். தன் பெயரே வந்தால் மறுபடி எடுக்கவேண்டும். கையில் வந்த ஆளுக்காக மாதம் முழுக்க ரகசியமாக ஜெபிக்கவேண்டும், யாருக்கு யார் என்று மூச்சுவிடக் கூடாது. கடைசி நாள் சங்கிலியில் அந்தப் பெயரைச் சொல்லி வாய்விட்டு ஜெபிக்கிறபோதுதான் வெளியே தெரியும். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து ஒரே கூரைக்குக் கீழே கிடக்கிற ஆண்பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்ணன் ஏற்படுத்திய வழக்கம். “ஏலேய், ஒருத்தனுக்காக முப்பது நாள் முழங்கால் போட்டுட்டு, அவன்கிட்ட எப்படிடே முறுக்கிக்கிட்டுத் திரிவீங்க?” என்று முதல் மாதம் சொன்னார். இன்று ஜனவரி முப்பத்தொன்று. என் சீட்டில் லிபின். முப்பத்தொரு நாளில் ஒரு நாள்கூட நான் அவனுக்காக ஜெபிக்கவில்லை.

மறந்துபோனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மறக்கவில்லை. இரண்டாம் தேதி காலையில் கட்டில் ஓரம் முழங்கால் போட்டு, ஆண்டவரே லிபின், என்று ஆரம்பித்தேன். உடனே என் நாற்காலியில் அவன் போட்டுவிட்டுப் போன ஈரத்துண்டு ஞாபகத்துக்கு வந்தது. துண்டை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன், என் செருப்பைப் போட்டுக்கொண்டு அவன் சந்தைக்குப் போனது வந்தது. அதையும் தள்ளினேன், குளிக்கும்போது அவன் பாடுகிற பாட்டு வந்தது. சுருதி சேராத பாட்டு, அதுவும் ஒரே சரணத்தைத் திருப்பித் திருப்பி. இப்படி ஒரு ஆளைப் பற்றி ஆண்டவரிடம் கோள் மூட்டிக்கொண்டிருப்பதைவிடச் சும்மா இருப்பது மேல் என்று எழுந்துவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றுதான் எழுந்தேன். அந்த நாளை வரவில்லை. பத்தாம் தேதி வாக்கில் சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுக்காமலே துவைத்துவிட்டேன். கொடியில் போடும்போது பைக்குள் விரல் விட்டேன், வெள்ளையாகக் கூழ்தான் வந்தது. அந்தக் கூழை உதறிவிட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை இன்றைக்கு ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சீட்டே இல்லை, பிறகு என்ன. சின்னப்பிள்ளைகூட இப்படி யோசிக்காது.

ஈரத்துண்டும் செருப்பும் காரணமில்லை, அது எனக்கே தெரியும். நான் இங்கே வந்து இரண்டரை வருஷம். அவன் வந்து ஒன்றேகால். நான் விடியற்காலையில் எழுந்து இந்த ஊர்ச் சிச்சேவா பாஷையின் இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வினைச்சொல்லோடு மல்லுக்கட்டுகிறேன். அவன் புத்தகத்தைத் தொட்டதே கிடையாது. மீன் வாங்கப் போகிறேன் என்று போவான், வலை பின்னுகிறவர்களோடு உட்கார்ந்து கெக்கே பிக்கே என்று சிரித்துவிட்டு வருவான், வரும்போது நாலு புது வார்த்தை வாயில் இருக்கும். போன செப்டம்பரில் நான் முதன்முதலாக அவர்கள் பாஷையில் பிரசங்கம் பண்ணினேன். மூன்று வாரம் மனப்பாடம். நாற்பது நிமிஷம் ஒரு தப்பில்லாமல் சொன்னேன். முன்வரிசைப் பெரியவர் தூங்கிவிட்டார், பெண்கள் பிள்ளைகளின் தலையைக் கோதிக்கொண்டிருந்தார்கள். முடிந்து வெளியே வந்தால் லிபின் ஒரு கிழவியிடம் அவளுடைய ஆட்டைப் பற்றி என்னவோ இரண்டு வாக்கியம் சொன்னான், அதிலும் ஒன்று தப்பான வாக்கியம், கூட்டமே கைதட்டிச் சிரித்தது. அடுத்த புதன்கிழமைக் கூட்டத்துக்கு அவன்தான் பேசவேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம், “அண்ணா, நீங்க சொன்னதுல பாதி எனக்கு வெளங்கவே இல்ல கேட்டியளா, எவ்வளவு வார்த்த படிச்சிருக்கிய!” என்று வாயாரப் பாராட்டிக்கொண்டே வந்தான். குத்திக்காட்டுகிறான் என்று நினைத்தேன். குத்தத் தெரியாத பிள்ளை என்பதுதான் இன்னும் ஆத்திரம். நவம்பரில் எனக்கு மலேரியா வந்து நான்கு நாள் விழுந்து கிடந்தபோது நான் வாந்தியெடுத்த விரிப்பை அலசிப் போட்டவன் அவன்தான். ரசம் வைத்துக் கரண்டியால் ஊட்டினான். புளி எங்கிருந்து பிடித்தானோ. அதற்குப் பிறகுதான் அவனை எனக்கு இன்னும் பிடிக்காமல் போனது. இதை யாரிடம் சொல்ல முடியும்? மிஷனரி என்று பெயர்.

தான்சானியா வந்துவிட்டது. அண்ணனின் குரலில் வீட்டை நெருங்குகிற வேகம். ஊரில் என்னை ஜெபக்காரன் என்பார்கள். பதினான்கு வயதில் சாயர்புரம் பக்கம் ஒரு கன்வென்ஷன் பந்தலில் முதல்தடவை மைக்கைப் பிடித்து ஜெபித்தேன், முன்னால் உட்கார்ந்திருந்த டீச்சரம்மா தேம்பி அழுதார்கள். அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது, எனக்கு வார்த்தை வருகிறது. துதி முதலில், பிறகு ஸ்தோத்திரம், பிறகு பாவ அறிக்கை, பிறகு விண்ணப்பம், எங்கே குரலை இறக்கவேண்டும், எங்கே நிறுத்தி மூச்சு வாங்கவேண்டும் எல்லாம் தானாக வரும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி. ஆட்கள் என்னிடம் விண்ணப்பம் சொல்ல ஆரம்பித்தார்கள். மகளுக்குக் கல்யாணம் கூடி வரவில்லை தம்பி. ஜெபிக்கிறேன்மா. இவருக்குக் குடி நிற்கவில்லை தம்பி. ஜெபிக்கிறேன்க்கா. பரீட்சை, பிரசவம், விசா, பேருந்தில் பார்த்தவர்கள், பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள். மற்றவர்கள் புறப்படும்போது வரட்டுமா என்று சொல்கிற மாதிரி நான் ஜெபிக்கிறேன் என்று சொல்லிப் பழகிவிட்டேன். அதில் எத்தனை பேருக்காக உண்மையிலேயே முழங்கால் மடங்கியது? யோசிக்காதே. ஐந்தில் ஒன்று? பத்தில் ஒன்று? அவர்கள் எல்லாரும் அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள், அதை நம்பித் தூங்கியிருப்பார்கள். பத்து நாளுக்கு முன்னால் ஊரிலிருந்து போன் வந்து, கர்ப்பப்பையில் கட்டி, எடுத்து என்னவென்று பார்க்கவேண்டும் என்று தெரிந்த அன்று லிபின் கிணற்றடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றான். நான் போய்த் தோளில் கை வைத்தேன். “ஜெபிக்கிறேன் தம்பி” என்றேன். அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சீட்டு கூழாகிப் பத்துப் பதினொரு நாள் ஆகியிருந்தது.

அவன் போயிருக்கலாம். அண்ணன் விடுப்பு வாங்கித் தருகிறேன் என்றார். அவன் அம்மாதான் வேண்டாம் என்றுவிட்டார்களாம். “நீ வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நிண்ணு என்ன செய்யப்போற மக்கா, அங்கயே நிண்ணு ஜெபி, அது போரும்” என்று போனில் சொன்னதை எங்களிடம் சொல்லும்போது அம்மா பேசுகிற மாதிரியே பேசிக் காட்டினான். அப்பா குலசேகரம் பக்கம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர், ஒற்றைப் பிள்ளை இவன். போன புதன்கிழமை ஐக்கியக் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்தான். கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு. “எனக்க சீட்டு யாருக்க கையில இருக்குண்ணு எனக்குத் தெரியாது. ஆனா ஆரோ எனக்காவ முட்டங்காலு போட்டு நிக்கியாவ. அது எனக்குத் தெரியுது. இல்லெங்கி இத்தன நாளு என்னால சோறு தின்னிருக்க முடியாது, ஒறங்கியிருக்க முடியாது. அவியளுக்கு ஸ்தோத்திரம்.” எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நானும் சொன்னேன். நன்றாகச் சத்தமாகச் சொன்னேன். அன்றைக்கே போய் ஜெபித்திருக்கலாமே என்றால், அன்றைக்குப் பிறகு முடியவே இல்லை. ஒரு வாரம் சாப்பிடாத வீட்டில் எட்டாம் நாள் போய் எப்படி இலையில் உட்காருவது? மானக்கேடாக இருந்தது. ஆண்டவரிடமா, அவனிடமா என்றுகூடப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அண்ணன் வந்துவிட்டார். மலாவி, இந்த ஊர், இந்த வீடு. “இந்த மாதம் நீர் என் கையில் தந்த கொண்ட்வானிக்காக உம்மைத் துதிக்கிறேன்” என்கிறார். கொண்ட்வானி இந்த ஊர்க்காரன், எங்களோடு ஊழியத்துக்கு வந்து எங்கள் சோற்றையே சாப்பிட்டுப் பழகியவன், தமிழ் தெரியாது. அவனவன் ஜெபம் அவனவன் பாஷையில் என்பது காலை நேரத்து ஒழுங்கு. தன் பெயர் காதில் விழுந்ததும் என் கைக்குள் அவன் விரல் அசைகிறது. சிரிக்கிறான் என்று நினைக்கிறேன். அண்ணன் அவனுடைய தம்பி படிப்பு, வரப்போகிற கல்யாணம் எல்லாவற்றையும் சொல்கிறார், ஒன்றுவிடாமல் தெரிந்துவைத்திருக்கிறார். முப்பத்தொரு நாள் செய்திருக்கிறார், சந்தேகமே இல்லை. முடிக்கிறார். கை மனாசேக்குப் போயிருக்கிறது. மனாசே ஆம்பூர்க்காரன், இங்கே கிளினிக்கில் நர்ஸ், பேசுவதும் ஜெபிப்பதும் ஊசி போடுகிற மாதிரி, ஆரம்பித்ததும் முடிந்துவிடும். “தேவஇரக்கம் அண்ணனோட முதுகுவலிக்காக ஜெபிச்சேன். இன்னும் சுகம் தாரும். லிபினோட அம்மாவைக் காத்துக்கொள்ளும்” என்கிறான். அவ்வளவுதான். அந்தக் கடைசி வாக்கியத்தில் லிபினின் கை என் கையை இறுக்குகிறது, ஒரு நொடி முறை எனக்கு வந்துவிட்டது என்று திடுக்கிட்டு வாயைத் திறந்துவிட்டேன். இல்லை. வெறும் நடுக்கம். மூச்சை விடுகிறேன். அப்போதுதான் வாசம் வருகிறது. கஞ்சி அடி பிடிக்கிறது.

லேசான வாசம்தான், சட்டியின் அடியில் ஒரு இடத்தில் மட்டும் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருக்கிறது, கையை விட்டுவிட்டு, மன்னிச்சிருங்க, கஞ்சி, என்று ஒரு வார்த்தை சொல்லி எழுந்துவிடலாம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஐந்து பேருடைய காலைச் சாப்பாடு. பின்கட்டில் நின்று கிண்டிக்கொண்டே இருக்கலாம், கொண்ட்வானிக்கு அப்புறம் கை நேராக லிபினுக்குப் போகும், அவன் முடிப்பான், ஆமென். என் சீட்டு யார் என்று அண்ணன் கேட்டால், லிபின்தான் அண்ணே, மாதம் முழுக்க, என்று அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே சொல்லிவிடலாம். லிபின் என் கையை மறுபடியும் கண்ணில் ஒற்றிக்கொள்வான். எழவும் வேண்டாம், இன்னும் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. என் முறை வரும்போது ஜெபித்துவிடலாம். இப்போதே மனசுக்குள் வரிசையாக நிற்கின்றன வார்த்தைகள். மருத்துவர்களின் கரங்களை நீர் பயன்படுத்தும். அறுவைச் சிகிச்சை அறையில் உம்முடைய சமுகம். இந்த மாதம் முழுவதும் உம்முடைய பாதத்தில் வைத்த விண்ணப்பம். எங்கே குரலை இறக்கவேண்டும் என்றுகூடத் தெரிகிறது. அவன் அழுவான். அவன் மனசு குளிரும். அவனுக்கு நல்லதுதானே? இந்த நேரத்தில் உண்மையைச் சொல்லி அவன் நம்பிக்கையை ஏன் பிடுங்கவேண்டும்? யாரோ முழங்காலில் நிற்கிறார்கள் என்றுதானே இத்தனை நாள் சோறு தின்றான். அந்த யாரும் இல்லை என்று தெரிந்தால் இன்றைக்கு, இந்த ஒன்பதரை மணிக்கு, அவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? நியாயமாகத்தான் இருக்கிறது. என் நியாயங்கள் எல்லாம் எனக்கு வசதியாகவே வந்து அமைகின்றன.

கொண்ட்வானி தொடங்கிவிட்டான். “அம்புயே” என்கிறான். கர்த்தரே என்று அர்த்தம். எப்போதும் அவன் ஜெபிக்கும்போது நான் வினைச்சொற்களைப் பிடிக்கப் பார்ப்பேன், பிடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். இன்றைக்கு எதையும் பிடிக்கிற நிலையில் இல்லை, சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறேன், என்ன அதிசயமோ, ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே வருகிறது. என் பெயரைச் சொல்கிறான். அவன் சீட்டு நான். ஆசீர் எங்களுக்கு முன்னே எழுந்து எங்கள் பாஷையைப் படிக்கிறான் என்கிறான். அவன் வாய்க்கு அது கஷ்டமாக இருக்கிறது, இருந்தும் விடவில்லை. தினமும் விளக்கு வெளிச்சம் அவன் கதவுக்குக் கீழே தெரிகிறது, அதைப் பார்த்து நானும் எழுந்து அவனுக்காக ஜெபிக்கிறேன் என்கிறான். அவன் தனியாக இருக்கிறான் அம்புயே, எங்களோடு இருந்தும் தனியாக இருக்கிறான், அவனைச் சிரிக்க வையும். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் எனக்காக எழுந்து நின்றிருக்கிறான், இந்தப் பக்கம் நான் புத்தகத்தில் மூக்கை நுழைத்துக்கொண்டு யாரை எப்படி மிஞ்சுவது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடைசியில் லிபினின் அம்மாவையும் சொன்னான். ஸிகோமோ, நன்றி, என்று முடிக்கப்போகிறான். கஞ்சி நன்றாகவே கருகுகிறது. எழு, இப்போது எழுந்தால் உண்டு.

நான் அசைவதற்கு முன்னால் ஒன்று உறைத்தது. அண்ணன் கொண்ட்வானியைச் சொல்லியாயிற்று, மனாசே அண்ணனை, கொண்ட்வானி என்னை. மிச்சம் இருப்பது மனாசேயும் லிபினும். லிபின் கையில் லிபின் இருக்க முடியாது. தன் சீட்டு என்னிடம்தான் என்று அவனுக்கு இப்போது தெரிந்திருக்கும். ஆமாம், தெரிந்துவிட்டது. என் வலது கையைப் பிடித்திருந்த விதம் மாறியது. அதுவரை சும்மா கோத்திருந்த கை, இப்போது முழுதாக உள்ளங்கையோடு உள்ளங்கையாக வந்து சேர்ந்துகொண்டது, பிள்ளை திருவிழாக் கூட்டத்தில் அப்பாவின் கையைப் பிடிக்கிற மாதிரி. நீங்கள்தானா அண்ணா என்று கேட்கிற கை. அந்தக் கை மட்டும் அப்படி மாறாமல் இருந்திருந்தால் நான் எழுந்து அடுப்புக்குப் போயிருப்பேன், அல்லது நன்றாக ஜெபித்திருப்பேன். நான் ஜெபிக்காததால் அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பத்து நாளாக ஒரு பயம் இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு பயம் ஒளிந்திருந்ததை இப்போதுதான் பார்க்கிறேன். நான் ஜெபிக்காமலே எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டால், பிறகு நான் எதற்கு? இரண்டு பயத்திலும் அந்த அம்மா இல்லை. இரண்டிலும் நான்தான் இருக்கிறேன். கொண்ட்வானி என் இடது கையை அழுத்தினான்.

“அன்பும் கிருபையும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே” என்று ஆரம்பித்தேன். அது தானாகவே வந்தது. குரல்கூட அதற்குரிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நிறுத்தினேன். பக்கத்து வீட்டில் கூட்டுகிற சத்தமும் நின்றிருந்தது. மனாசே லேசாகச் செருமினான். “ஆண்டவரே, என் சீட்டுல லிபின் பேரு” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, பந்தலில் பேசுகிற குரல் இல்லை, வீட்டில் பேசுகிற குரல். “நான் ஜெபிக்கல. ஒரு நாளும் ஜெபிக்கல. ஜெபிக்கிறேன் தம்பின்னு அவன்கிட்ட சொன்னேன், அதுவும் பொய். போன புதன்கிழமை அவன் சொன்னது என்னைய இல்ல. அது நான் இல்ல. எனக்கு அவன் மேல பொறாமை.” இன்னும் ஏதோ சொல்ல வந்தது, அழகான வாக்கியமாக வந்தது, அதனால் சொல்லவில்லை. லிபினின் கையை அழுத்தினேன். முடிந்தது, உன் முறை.

அவன் தொடங்கவில்லை. அவன் கை என் கையில் அசையாமல் கிடந்தது, உருவிக்கொள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. போய்விட்டது என்று நினைத்தேன். இனிமேல் இந்த வீட்டில் எப்படி ஒரே பந்தியில் உட்காருவோம், எப்படி இவன் முகத்தைப் பார்ப்பேன், அண்ணன் என்ன சொல்வார், ஊருக்கு எழுதுவாரா, எழுதட்டும். கருகல் வாசம் வீடு முழுக்க வந்துவிட்டது, தேவஇரக்கம் அண்ணனுக்குக்கூடத் தெரியாமல் இருக்க முடியாது. லிபின் மூக்கை உறிஞ்சினான். அழுகிறான். நாகர்கோவிலில் இப்போது மணி என்ன இருக்கும், ஒன்பதரை ஆகியிருக்குமா. தள்ளுவண்டியில் படுக்க வைத்து, மூக்குத்தி கம்மல் எல்லாம் கழற்றி அவன் அப்பா கையில் கொடுத்திருப்பார்கள், ரப்பர் பால் கறை போகாத அந்தக் கையில். அவர் அதை மூடிப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இதுவரை இதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. பத்து நாளாக ஆபரேஷன் ஆபரேஷன் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த நேரம்தான் லிபின் என் கையை அழுத்தினான்.

சங்கிலியில் கை திரும்பி வருவது என்று ஒன்று கிடையாது. இந்த இரண்டரை வருஷத்தில் ஒருநாளும் நடந்ததில்லை. தெரியாமல் அழுத்திவிட்டான் என்று நினைத்துச் சும்மா இருந்தேன். மறுபடியும் அழுத்தினான், இந்தத் தடவை பலமாக, எலும்பு வலிக்கிற மாதிரி. கோபமும் இருந்தது அதில், இல்லை என்று சொல்லமாட்டேன். முறை இன்னும் உன்னுடையதுதான், நீ முடிக்கவில்லை. ஜெபி. இப்போது ஜெபி. நான் வாயைத் திறந்தேன். ஆண்டவரே, லிபினோட அம்மா, என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் போக முடியாமல் நின்றேன். பெயர் சொல்லி ஜெபிக்கவேண்டும், ஊரில் யார் விண்ணப்பம் கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது பெயர்தான். ஒன்றேகால் வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், அவன் அம்மா அனுப்பிய ஊறுகாயைத் தின்றிருக்கிறேன். ஜெப நேரத்தில் கண் திறக்கக் கூடாது. நான் திறந்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, அம்மா பேரு என்ன?”

“ரத்தினபாய்.”

“ரத்தினபாய்” என்றேன். மறுபடியும் சொன்னேன். ஜெபக்காரனுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை, அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கொண்ட்வானியும், அப்புறம் மனாசேயும், அண்ணனும் ஒவ்வொருவராக என்னோடு சேர்ந்துகொண்டார்கள். கஞ்சி முழுசும் கருகிவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.